உரிமம் வேண்டாத குறைதிறன் டிரான்ஸ்மிட்டர்: பெங்களூருப் பொழுதுபோக்காளர் சட்டப்படி செய்ய வேண்டியவை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கும் கடைகளில், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவுக்குச் சிறு தகவல் அனுப்பும் லோரா மாட்யூல், 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் போர்டு, எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கிட், வைஃபை போர்டு எல்லாம் ஒரே கண்ணாடி அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இவற்றில் சிலவற்றை யாரும் வாங்கி இயக்கலாம். சிலவற்றை நிபந்தனையோடு மட்டும் இயக்கலாம். வேறு சிலவற்றை வீட்டில் வைத்திருப்பதே சட்டத்துக்குப் புறம்பானது. எது எந்த வகை என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்காது, கடைக்காரரும் பெரும்பாலும் சொல்ல மாட்டார். ஆகவே வாங்குவதற்கு முன்பும், ஆன்டெனாவை மாட்டுவதற்கு முன்பும், மொட்டை மாடிக்கு ஏற்றுவதற்கு முன்பும் பொழுதுபோக்காளர் தாமே சரிபார்க்க வேண்டியவை எவை என்பதை இந்த வழிகாட்டி வரிசையாகச் சொல்கிறது.

விலக்கு எங்கிருந்து வருகிறது

நம் நாட்டில் ரேடியோ டிரான்ஸ்மிட்டரைப் பொறுத்தவரை பொது விதி தடைதான். அனுமதி என்பது அதற்கு விதிவிலக்கு. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் செய்தி அனுப்பும் அமைப்பை நிறுவும் உரிமையை மத்திய அரசுக்கு மட்டும் ஒதுக்கியது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஒரு படி மேலே சென்று, உரிமமில்லாமல் வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருப்பதையே தடை செய்தது. டிரான்ஸ்மிட்டர் என்றால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதன் 6ஆம் பிரிவு சொன்னது. இவ்விரண்டுக்கும் பதிலாகக் கொண்டுவரப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம் 2023 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2024 ஜூன் 26, ஜூலை 5 ஆகிய தேதிகளில் தொடங்கிப் பகுதி பகுதியாக நடைமுறைக்கு வருகிறது. ரேடியோ கருவியை வைத்திருக்க அங்கீகாரம் வேண்டும், அல்லது அரசு அளித்த விலக்கு வேண்டும் என்ற அடிப்படை அதன் 3ஆம் பிரிவிலும் அப்படியே இருக்கிறது. பழைய சட்டங்களின் கீழ் ஏற்கெனவே அளித்த விலக்குகள், வேறு அறிவிப்பு வரும் வரை தொடரும் என்றும் அது கூறுகிறது. அங்கீகாரமோ விலக்கோ இன்றிக் கருவியை வைத்திருந்தால் முதல் முறை 50 ஆயிரம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 2 லட்சம் ரூபாய் வரையும் தண்டத்தொகை விதிக்கப் புதிய சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இடம் தருகிறது.

ஆக, நாம் பேச்சுவழக்கில் ‘லைசென்ஸ் தேவையில்லாத பேண்டு’ என்று சொல்வது, மத்திய அரசு அரசிதழில் வெளியிட்ட ஏதேனும் ஒரு விலக்கு விதியைத்தான் குறிக்கிறது. அந்த விதி ஒவ்வொன்றும் அலைவரிசை, திறன், அலைவரிசை அகலம், கருவியின் வகை ஒப்புதல் ஆகியவற்றைச் சேர்த்தே பேசுகிறது. நான்கில் மூன்று பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டாலும் விலக்கு கிடையாது. அந்த நிலையில் உங்கள் மேசைமேல் இருப்பது உரிமமில்லாத டிரான்ஸ்மிட்டர். சட்டப் பொறுப்பு முழுவதும் இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் பிறக்கிறது. உரிமம் பெற்றவர் விஷயத்தில் இந்தச் சரிபார்ப்பைத் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளை ஒதுக்கும் டபிள்யூபிசி பிரிவு செய்து கொடுத்துவிடும். விலக்கின் கீழ் இயங்குபவருக்கோ அந்த வேலை முழுவதும் அவர் தலையில்.

அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தல்

பொழுதுபோக்காளருக்கு நடைமுறையில் பயன்படும் விலக்குகள் சில மட்டுமே. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு 2005 ஜனவரியில் விலக்கு வந்தது. டிரான்ஸ்மிட்டர் வெளியீடு அதிகபட்சம் 1 வாட், கதிர்வீச்சுத் திறன் 4 வாட், ஆன்டெனா இருக்கும் கட்டடத்தின் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் என்பன அதன் வரம்புகள். வைஃபை, புளூடூத், பெரும்பாலான ரிமோட் விமானக் கருவிகள் எல்லாம் இங்கேதான் இயங்குகின்றன. கடையில் வாங்கியதை வாங்கியபடியே பயன்படுத்தினால் சிக்கல் அநேகமாக வராது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 2018 அக்டோபரில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலம் திறந்துவிடப்பட்டது. அதன் மேல் எல்லை 5,875 மெகாஹெர்ட்ஸ். டிரோனில் வீடியோ அனுப்பும் சிறு கருவிகளில் 5,880, 5,917 மெகாஹெர்ட்ஸ் சேனல்களும் இருக்கும். பட்டனை இரண்டு முறை கூடுதலாக அழுத்தினால் எல்லையைத் தாண்டிவிடுவோம் என்பதால், அவற்றைத் தொடாமல் இருப்பது இயக்குபவரின் பொறுப்பு. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிட்டிசன் பேண்டில் 5 வாட் வரை 2005 ஆகஸ்ட் முதல் விலக்கு உண்டு. ஆனால் இன்று அதில் பேசத் துணை கிடைப்பது அரிது.

அதிகத் தவறு நடப்பது லோராவில்தான், அதனால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இதற்குரிய பட்டை முதலில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தது. 2021 டிசம்பரில் 868 வரை நீட்டப்பட்டது. திறன் 1 வாட், கதிர்வீச்சுத் திறன் 4 வாட், கேரியர் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். கடையில் ‘868’ என்றும் ‘915’ என்றும் எழுதிய மாட்யூல்கள் கிடைக்கின்றன. கேட்டால், “அண்ணா, 915 எடுத்துக்கோங்க, ரேஞ்ச் நல்லா வரும், எல்லாரும் அதான் வாங்குறாங்க” என்று சொல்வதும் உண்டு. 915 என்பது அமெரிக்கக் கண்டத்துக்கான பட்டை. 902இல் தொடங்கி 928 வரை போகிறது. லோரா மாட்யூல்களை ஒன்றோடொன்று செய்தி கடத்தும் வலையாக்கும் மெஷ்டாஸ்டிக் மென்பொருளை அங்குள்ள அமைப்போடு அப்படியே இயக்கினால் அது இயல்பாகப் போய் நிற்கும் இடம் 906.875 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 890 முதல் 915 வரையுள்ள பகுதி கைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசும் பகுதி. கோபுரத்தின் ரிசீவர் மிக நலிந்த சைகைகளுக்காகக் காதைத் தீட்டி வைத்திருக்கும் இடத்தில், பக்கத்து மாடியிலிருந்து உங்கள் மாட்யூல் சில நிமிடங்களுக்கு ஒரு முறை கத்துகிறது. ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து அந்த அலைக்கற்றையைப் பெற்ற நிறுவனம் குறுக்கீட்டின் மூலத்தைத் தேடாமல் விடாது.

868 என்று எழுதியதும் தானாகப் பொருந்திவிடாது. லோராவில் இயங்கும் வலையமைப்பு முறையான லோராவானின் ஐரோப்பிய அடிப்படைச் சேனல்கள் 868.1, 868.3, 868.5 மெகாஹெர்ட்ஸ், மூன்றுமே நம் எல்லைக்கு வெளியே. இந்தியாவுக்கான சேனல்கள் 865.0625, 865.4025, 865.985. நல்ல வேளையாக, 868 என்று விற்கப்படும் மாட்யூலின் சிப்பும் ஆன்டெனாவும் 865–867இலும் இயங்கக்கூடியவை. எனவே வாங்க வேண்டியது 868 வகை. செய்ய வேண்டியது, முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போதே மென்பொருளில் நாட்டைத் தேர்ந்தெடுத்து 865–867க்கு மாற்றுவது. மெஷ்டாஸ்டிக்கில் ‘ரீஜன்’ அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்காத வரை எதையும் அனுப்பக் கூடாது. நண்பர் ஒருவர் ஏற்கெனவே அமைத்துக் கொடுத்த கருவி என்றால், அவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்ததா என்று கேட்டு, அமைப்பைத் திறந்து பார்த்துவிட்டே இயக்க வேண்டும்.

433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் போர்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை. 433 முதல் 434 வரை 2012இல் வந்த விலக்கு 10 மில்லிவாட் திறனும் 10 கிலோஹெர்ட்ஸ் அகலமும் கொண்ட மிகக் குறுகிய விலக்கு. லோரா சாதாரணமாகப் பயன்படுத்தும் 125 கிலோஹெர்ட்ஸ் அகலம் இதற்குள் அடங்காது. ‘433 எல்லா நாட்டிலும் ஃப்ரீ’ என்று வீடியோக்களில் சொல்லப்படுவதை நம்பி 433 லோரா மாட்யூலை வாங்கிய பின் வருந்துவதைவிட, 865–868க்கானதை வாங்குவது மேல். 434 முதல் 438 வரை அமெச்சூர் வானொலிக்காரர்களுக்குரியது என்பதையும், அங்கே அனுப்ப உரிமம் கட்டாயம் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

திறனைக் கணக்கிட்டு எழுதி வைத்தல்

விதியில் இரண்டு வகைத் திறன் வருகிறது. மாட்யூலின் கனெக்டரில் வெளிவருவது டிரான்ஸ்மிட்டர் வெளியீடு. ஆன்டெனா அதை ஒரு திசையில் குவித்த பிறகு காற்றில் செல்வது கதிர்வீச்சுத் திறன். பின்னதிலும் டைபோல் ஆன்டெனாவோடு ஒப்பிட்ட அளவு இ.ஆர்.பி. என்றும், எல்லாத் திசையிலும் சமமாகக் கதிர்க்கும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட அளவு இ.ஐ.ஆர்.பி. என்றும் வழங்கும், முன்னது எப்போதும் 2.15 டெசிபல் குறைவாக இருக்கும். ஆன்டெனா விற்பவர்கள் எழுதும் ‘டிபிஐ’ பின்னதைச் சார்ந்தது என்பதால் கழிக்க மறந்தாலோ கூட்ட மறந்தாலோ கணக்கு மாறிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்திரா நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடியில் 1 வாட், அதாவது டெசிபல் கணக்கில் 30 டிபிஎம் தரும் லோரா மாட்யூல் இருக்கிறது; கேபிளில் 1 டெசிபல் இழப்பு; மேலே 8 டிபிஐ குச்சி ஆன்டெனா. 30இலிருந்து 1ஐக் கழித்து 8ஐக் கூட்டினால் 37, அதில் 2.15ஐக் கழித்தால் 34.85 டிபிஎம், ஏறத்தாழ 3 வாட். லோராவுக்கான வரம்பு இ.ஆர்.பி. அளவில் 4 வாட், அதாவது 36 டிபிஎம் என்பதால் இது உள்ளே இருக்கிறது. அதே இடத்தில் ஒயிட்ஃபீல்டில் உள்ள நண்பரை எட்டுவதற்காக 12 டிபிஐ யாகி ஆன்டெனாவை மாட்டினால் 38.85 டிபிஎம் ஆகிறது, அது 7.7 வாட்டைத் தொடுகிறது. மாட்யூல் அதேதான், ஒரு திருகாணிகூட மாறவில்லை, ஆனாலும் விலக்கு போய்விட்டது. யாகியே வேண்டும் என்றால் மென்பொருளில் வெளியீட்டை 27 டிபிஎம்முக்குக் குறைக்க வேண்டும், அப்போது 3.8 வாட் அளவில் வந்து நிற்கும்.

இந்தக் கணக்கை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி, ஆன்டெனாவின் விவரத்தாளையும் அதோடு சேர்த்து வைப்பது நல்ல பழக்கம். பின்னாளில் யாராவது கேட்டால், நீங்கள் வரம்பை அறிந்து அதற்குள் இயங்கினீர்கள் என்று காட்ட உங்களிடம் இருக்கப்போகும் சான்று அது ஒன்றுதான். தனியான பவர் ஆம்ப்ளிஃபையரை விலக்குப் பட்டையில் சேர்ப்பதைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. என் கருத்தில் அது வேண்டாத வேலை. உயரமான, தடையில்லாத இடம் தரும் தொலைவை ஆம்ப்ளிஃபையர் தராது. பெங்களூரில் மேடான இடங்களுக்கும் பஞ்சமில்லை.

வகை ஒப்புதல்

விலக்கு விதிகள் கருவி வகை ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும் என்றும் கோருகின்றன. ஈடிஏ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் இந்த ஒப்புதலை உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ டபிள்யூபிசியின் சரள் சஞ்சார் இணையதளத்தின் வழியாகப் பெறுகிறார். விலக்குப் பட்டையில் இயங்கும் பல கருவிகளுக்கு அதை அங்கே சுய உறுதிமொழியின் பேரிலேயே பெற முடியும். பொழுதுபோக்காளர் செய்ய வேண்டியது, வாங்கும் முன் ஈடிஏ எண்ணைக் கேட்பது. சான்றிதழின் நகலை விற்பவர் அனுப்பினால் அதில் உள்ள மாடல் எண்ணும் அலைவரிசையும் உங்கள் கையில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே படம், ஒரே பெயர், வேறு மாடல் எண் என்பது இந்தச் சந்தையில் சாதாரணம். வெளிநாட்டிலிருந்து ஒற்றைப் போர்டை வரவழைத்தாலும் சுங்கத்தில் இதே ஒப்புதலைக் கேட்டுப் பார்சலை நிறுத்தக்கூடும். அவசரத்துக்கு ‘பொம்மை’ என்று அறிவித்துக் கொண்டுவருவது இரண்டாவது குற்றத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதாகும்.

ஒப்புதல் பெற்ற மாட்யூலை நம் சொந்தப் போர்டில் பொருத்தி, அதனுடன் வந்த ஆன்டெனாவோடு, அதன் திறன் வரம்புக்குள் இயக்குவது பொழுதுபோக்காளருக்குப் பாதுகாப்பான வழி. ஒப்புதல் பெற்ற கருவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி வேறு அலைவரிசைக்கு இழுத்துச் சென்றால், அந்தச் சான்றிதழ் இனி உங்கள் கருவியைப் பற்றிப் பேசாது.

எஃப்எம், வாக்கி-டாக்கி, முடக்கும் கருவிகள்

ஒரே ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டு பள்ளி மாணவர்கள் கட்டும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர், எலக்ட்ரானிக்ஸ் பழகும் எல்லோரையும் ஈர்க்கும் பயிற்சி. ஆனால் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸில் குரலையோ பாட்டையோ அக்கம்பக்கத்தார் கேட்கும்படி ஒலிபரப்ப எந்த விலக்கும் இல்லை. பீகாரின் மன்சூர்பூர் கிராமத்தில் ராகவ் மகதோ தானே செய்த எளிய டிரான்ஸ்மிட்டரில் நடத்திய வானொலியை ஊரே விரும்பிக் கேட்டது. உலகச் செய்திகளிலும் அது இடம்பெற்றது. ஆனால் உரிமம் இல்லை என்பதால் 2006இல் அதை மூட வேண்டியதாயிற்று. வானலைகள் பொதுச் சொத்து, பொது நன்மைக்காக அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் கூறியது; அதன் பின்னரும் தனிநபர் ஒலிபரப்புக்குக் கதவு திறக்கவில்லை. சமுதாய வானொலி உரிமம் கல்வி நிறுவனங்களுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும்தான். 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய அண்ணா எஃப்எம் அந்த வழியில் வந்தது. ஆகவே அல்சூர்ப் பக்கம் திருவிழா வர்ணனையை எஃப்எம்மில் விடலாமா என்று இளைஞர்கள் கேட்டால், கூடாது என்பதுதான் பதில்.

இது வெறும் காகிதச் சட்டமும் அல்ல. கிரிஸ்டல் இல்லாத எளிய ஆசிலேட்டர் வெயிலிலும் பாட்டரி இறங்கும்போதும் அலைவரிசையை விட்டு நகரும். எஃப்எம் பட்டை முடியும் 108 மெகாஹெர்ட்ஸிலேயே விமானப் பட்டை தொடங்குகிறது: 118 வரை வழிகாட்டும் சைகைகள், அதற்கு மேல் 137 வரை விமானியும் கட்டுப்பாட்டு நிலையமும் பேசும் குரல். தேவனஹள்ளி, எச்ஏஎல், எலகங்கா, ஜக்கூர் என்று நான்கு விமானத்தளங்கள் உள்ள நகரத்தில் 107இல் நிறுத்திய டிரான்ஸ்மிட்டர் எங்கே நகர்கிறது என்பது விளையாட்டான விஷயம் அல்ல. நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் உள்ள கவுரிபிதனூரில் சூரியனின் ரேடியோ அலைகளைப் பதிவு செய்யும் ஆய்வு மையமும் இதே பகுதி அலைவரிசைகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. சுற்றைக் கட்டிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஆன்டெனாவுக்குப் பதிலாக, திறனைக் காற்றில் விடாமல் வெப்பமாக்கிவிடும் 50 ஓம் போலிச் சுமையை மாட்டி, அலைக்காட்டியில் பாருங்கள் என்றே மாணவர்களுக்கு நான் சொல்வேன். அதிலும் வைத்திருப்பதைப் பற்றிய விதி பொருந்தும் என்பதால், கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியரின் பொறுப்பில் செய்வதே முறை.

வாக்கி-டாக்கியைப் பொறுத்தவரை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை 2018 விதிகளின் கீழ் விலக்கு உண்டு. அந்தப் பட்டைக்கென்றே செய்து ஈடிஏ பெற்ற குறைதிறன் கருவியை நந்தி மலைக்கோ சாவன்துர்காவுக்கோ மலையேறப் போகும்போது எடுத்துச் செல்லலாம். 136 முதல் 174 வரையும் 400 முதல் 520 வரையும் எங்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய, 5 வாட் தரும் மலிவான சீனக் கைக்கருவிகள் இதில் சேராது. அதை 446க்குத் திருப்பி வைத்திருக்கிறேன் என்பது விடை ஆகாது, ஏனெனில் காவல்துறையும் அவசர சேவைகளும் பயன்படுத்தும் அலைவரிசைகளிலும் அது பேசும். இத்தகைய கருவிகளை அலைவரிசை விவரமோ ஒப்புதல் விவரமோ இன்றி விற்றதற்காக மின்வணிகத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பி, 2025 மே மாதம் தனி வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. தளத்தில் விற்பனைக்கு இருக்கிறது என்பதும், பில்லில் ஜிஎஸ்டி இருக்கிறது என்பதும் சட்டப்பூர்வத்துக்குச் சான்று ஆகா.

முடக்கும் கருவிகளில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. தொலைத்தொடர்பைத் தடுக்கும் எந்தக் கருவியையும் மத்திய அரசின் அனுமதியின்றி வைத்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாது என்கிறது 2023 சட்டத்தின் 48ஆம் பிரிவு. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைபேசி ஜாமர், ஜிபிஎஸ் ஜாமர் என்று மட்டும் இதைப் படிக்கக் கூடாது. பக்கத்து வீட்டு வைஃபையைத் துண்டிக்கும் மென்பொருளோடு கைக்கடிகாரம் போல விற்கப்படும் சிறு போர்டும் இந்தப் பிரிவின் வாசகத்துக்குள் வரக்கூடியது.

இயக்கத் தொடங்கிய பின்

விலக்குப் பட்டையில் எவருக்கும் தனியுரிமை இல்லை, பாதுகாப்பும் இல்லை. பக்கத்துக் கட்டட வைஃபை உங்கள் லோராவைக் கெடுத்தாலும் நீங்கள் புகார் செய்ய முடியாது. ஆனால் உங்கள் கருவி உரிமம் பெற்ற ஒருவரைக் கெடுத்தால் அவர் புகார் செய்ய முடியும். அப்போது நடக்க வேண்டியதை விதியே சொல்கிறது: விலக்கின் கீழ் இயங்குபவர் கருவியை இடம் மாற்றியோ, திறனைக் குறைத்தோ, வேறு வகை ஆன்டெனாவைப் பயன்படுத்தியோ குறுக்கீட்டை நீக்க வேண்டும், தவறினால் இயக்கத்தை நிறுத்த அதிகாரி பரிந்துரைப்பார், அதற்கு முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிப்பார்.

நடைமுறையில் முதல் தகவல் கடிதமாக வரலாம், வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பின் வண்டி தெருவில் நின்று ஆன்டெனாவைச் சுட்டிக்காட்டும் விதமாகவும் வரலாம். எப்படி வந்தாலும் அந்த நொடியே அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். ஆனால் கருவியைக் கழற்றி ஒளித்து வைக்கக் கூடாது. வந்தவரின் அடையாள அட்டையைப் பணிவாகக் கேட்டுப் பார்த்து, பெயரையும் பதவியையும் குறித்துக்கொண்டு, எந்த அலைவரிசையில் எந்த நேரத்தில் குறுக்கீடு பதிவானது என்று கேட்க வேண்டும். அந்த நேரம் உங்கள் கருவியின் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது எளிது. பொருந்தாவிட்டால் மூலம் வேறு எங்கோ இருக்கிறது. மலிவான எல்இடி விளக்கின் மின்சப்ளையும் சோலார் இன்வெர்ட்டரும்கூட ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். பதிலை எழுத்தில் கொடுங்கள்: என்ன கருவி, ஈடிஏ எண், அலைவரிசை, திறன் கணக்கு, நிறுத்திய நேரம், செய்த மாற்றம். உங்களுக்கு உதவப்போவது அந்த நோட்டும் கணக்கும் வாங்கிய பில்லும்தான்.

வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்கள் கூரையில் ஆன்டெனா வைக்க உரிமையாளரிடமோ சங்கத்திடமோ எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்வது நல்லது. பெங்களூரின் ஏப்ரல், மே இடிமழையை மனத்தில் வைத்து, கம்பத்துக்கு எர்த் இணைப்பும் கேபிளுக்கு மின்னல் தடுப்பும் கொடுக்க வேண்டும். மின்னல் உங்கள் கேபிள் வழியாக இறங்கிப் பக்கத்து வீட்டு டிவியை எரித்தால், விலக்கு விதி உங்களைக் காப்பாற்றாது.

காற்றில் போகும் உள்ளடக்கத்துக்கும் பொறுப்பு அனுப்புபவருடையதே. மெஷ் வலையில் உங்கள் முனை பிறருடைய செய்தியைக் கடத்திக் கொடுக்கும் என்பதால், உங்களுக்குச் சொந்தமான முனைக்குப் பெயரிட்டு, அதன் குறியாக்கச் சாவிகளை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும்.

விலக்கு போதாதபோது

மாட்யூலைச் சுருக்கிக்கொண்டு வரம்புக்குள் உட்கார்ந்திருப்பது அலுத்துவிட்டது, தானே டிரான்ஸ்மிட்டர் கட்ட வேண்டும், ஊர் தாண்டிப் பேச வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் செல்ல வேண்டிய வழி அமெச்சூர் உரிமம்தான். மக்கள் வழக்கில் ஹாம் லைசென்ஸ். 12 வயது நிறைந்த எவரும் தேர்வு எழுதலாம். ரேடியோ கோட்பாடு ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. ரெஸ்ட்ரிக்டட் வகுப்புக்கு மோர்ஸ் தேவையில்லை. ஜெனரல் வகுப்புக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் எழுதவும் அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். தேறியபின் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து அழைப்புக் குறி வரும். ரெஸ்ட்ரிக்டட் என்றால் அது வியூ3 என்று தொடங்கும், ஜெனரல் என்றால் வியூ2 என்று தொடங்கும். உரிமத்தை 20 ஆண்டுக்கோ வாழ்நாளுக்கோ பெறலாம். பெங்களூரில் ஹாம்களின் கழகங்கள் நெடுங்காலமாக இயங்குகின்றன. பயிற்சி வகுப்புகளில் தமிழர்கள் தாராளமாகக் கண்ணில் படுவார்கள் என்பதால் மொழித் தயக்கமும் வேண்டியதில்லை. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் பேசவும், தானே வடிவமைத்த சுற்றைக் காற்றில் ஏற்றிப் பார்க்கவும் சட்டம் இடம் தருவது இவர்களுக்குத்தான். ஆனால் அங்கும் பாட்டு ஒலிபரப்பவோ வியாபாரச் செய்தி அனுப்பவோ கூடாது.

உரிமம் கைக்கு வரும் முன்பே ஹாம் கருவியை வாங்கிவிடுவது பலர் செய்யும் அவசரம். ‘கேட்க மட்டும்’ என்று சொல்லிக்கொண்டாலும், அனுப்பும் திறன் உள்ள கருவி சட்டத்தின் கண்ணில் டிரான்ஸ்மிட்டரே. வைத்திருப்பதே கேள்விக்குரியதாகும்போது அனுப்பினீர்களா என்ற விசாரணை இரண்டாம் பட்சம்.

கடைசியாக, கருவியைக் கைமாற்றும்போதும் பொறுப்பு இருக்கிறது. ஹாம் கருவியை உரிமம் உள்ளவருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும்; அவருடைய அழைப்புக் குறியையும் உரிமத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டு, கொடுத்த தேதியை இருவரும் கையெழுத்திட்டுக் குறிக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர்களைத் தொடர்ந்து வாங்கி விற்பது வணிகம் ஆகிவிடும் என்பதால் அதற்குத் தனி அனுமதி தேவைப்படும். விலக்குப் பட்டை மாட்யூலை விற்பதானால் அதனுடன் பில்லையும் ஈடிஏ விவரத்தையும் கொடுத்து, நாட்டு அமைப்பு இந்தியாவுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே விற்க வேண்டும். 915 மாட்யூல் ஏற்கெனவே கையில் இருந்தால் அதை இன்னொருவர் தலையில் கட்டாமல், ஆன்டெனா கனெக்டரைக் கழற்றி எடுத்துவிட்டு மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்த்துவிடலாம்.